ஒன்பதாம் கேள்வி, இரண்டு மதிப்பெண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது இல்லை, என் அக்காவின் சாப்பாட்டு மேசையிலிருந்து சுட்டது. அக்கா ஓர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்கப் பரீட்சைத் தாள்கள், மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றின் தலைப்பகுதியையும் பெயர் தெரியாதபடி மடித்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வி வைத்திருந்தாள்.

"என்னக்கா இது, எல்லாப் பேப்பருக்கும் மூக்கைப் புடிச்சு வெச்சிருக்க?"

"யாரு எவருன்னு எனக்குத் தெரியக் கூடாது. கைய எடுடா, வரிசை கலைஞ்சிரும்."

அந்தத் தாள்களை அவள் ஏற்கெனவே திருத்தியாயிற்று. மதிப்பெண் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பி, பெற்றோர் கையெழுத்தும் வாங்கி வந்தாயிற்று. முடிந்துபோன வேலையை எதற்கு மறுபடி முதலிலிருந்து செய்கிறாள் என்று கேட்டேன். சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கை குறுகுறுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் எழுதுகிறவனுக்கு அப்படித்தான் ஆகும், கெட்ட பழக்கம்.

"இத எழுதிக்கவா?"

"தாராளமா எழுது. ஆனா ஒரு கண்டிஷன். நீ எழுதினத நான் திருத்துவேன்."

சிவப்புப் பேனாவை ஆட்டிக்கொண்டே சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

2

கதைக்குள் போவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் கேள்வி: ஐஸ் கட்டி போட்ட கண்ணாடி டம்ளரின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளிகள் உண்டாகின்றன. அவை எங்கிருந்து வந்தன? எப்படி? (2 மதிப்பெண்)

விடைக்குறிப்பு: காற்றில் உள்ள நீராவி (1). அது டம்ளரின் மேல் பட்டுக் குளிர்ந்து நீராக மாறுகிறது (1).

ஒரு குழந்தை எழுதிய விடை: "தண்ணீர் உள்ளே இருந்து வரவில்லை. ஏனென்றால் டம்ளரில் ஓட்டை இல்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தண்ணீர்தான் டம்ளரில் வந்து ஒட்டியது."

'நீராவி' என்ற சொல் இதில் இல்லை. குளிர்ந்தது என்ற பேச்சும் இல்லை. ஆனால் ஓட்டை இல்லை என்று ஒரு காரணம் இருக்கிறது, விடைக்குறிப்பை எழுதியவருக்கே அது தோன்றவில்லை. எத்தனை போடுவீர்கள்? பூஜ்யம், ஒன்று, இரண்டு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. (அரை மதிப்பெண் கிடையாது. அரை போடுவது முடிவெடுக்கப் பயந்தவர்கள் செய்கிற வேலை என்பது அக்காவின் கட்சி.)

இங்கே எழுதுங்கள்: (      )

இது யாருடைய விடை என்று சொல்ல மாட்டேன். கதை முடியும்வரை அழிக்கவும் கூடாது.

3

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

[ஆசிரியர் அறை வாசலில் ஒரு சிறுமி இரண்டு தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. "மிஸ், ரெண்டு பேரும் ஒரே பதிலத்தானே எழுதியிருக்கோம்?" என்று அவள் கேட்டபோது சுவர்க் கடிகாரம்—]

கடிகாரத்தோடு நிறுத்தி அக்கா குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"யாரும் வந்து கேக்கல. யாரும் அழல. நானாத்தான் பாத்தேன்."

"கேட்டா கதைக்கு நல்லா இருக்குமேன்னுதான்..."

"கேட்டிருந்தா நானே அவசரத்துல ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன்டா. யாருமே கேக்கல. கேக்கவே போறதில்ல. அதான் கட்டையே மறுபடி எடுத்தேன்."

நடந்தது இதுதான். அக்கா தாள்களைத் திருத்தும் வரிசையிலேயே மூலையில் ஓர் எண் போட்டு வைப்பாள். கையெழுத்துக்காக வீட்டுக்குப் போய்த் திரும்பிய கட்டு வரிசை கலைந்து வந்தது. அதை அடுக்கும்போது நாலாம் தாளும் முப்பத்தோராம் தாளும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தன. இரண்டிலும் ஒன்பதாம் கேள்விக்கு நீங்கள் மேலே படித்த விடைதான், ஓரிரு சொல் முன்பின்னாக. காப்பி அடித்தது இல்லை. இருவரும் உட்காருவது வகுப்பின் எதிரெதிர் மூலைகளில். டம்ளர் சோதனையை ஒரே குழுவில் செய்தவர்கள், சேர்ந்தே தடவிப் பார்த்து ஓட்டை இல்லை என்று கண்டுபிடித்தவர்கள்.

நாலாம் தாளுக்கு அக்கா போட்டிருந்தது இரண்டு. முப்பத்தோராம் தாளுக்கு ஒன்று.

ஒரு மதிப்பெண்தானே என்பீர்கள். மொத்தம் இருபத்தைந்து. பத்துக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு விளையாட்டுப் பீரியட் கிடையாது, அந்த நேரத்தில் சிறப்பு வகுப்பு. நாலாம் தாளின் மொத்தம் பத்து. முப்பத்தோராம் தாள் ஒன்பது. ஒரு வாரமாக ஒரு குழந்தை மைதானத்திலும் இன்னொரு குழந்தை வகுப்புக்குள்ளும் இருந்தார்கள். (சிறப்பு வகுப்பு நல்லதுதானே என்று கேட்பவர்கள், பத்து வயதில், ஜன்னலுக்கு வெளியே பந்து சத்தம் கேட்க, காந்தத்தின் பண்புகளை ஐந்து முறை எழுதிப் பார்க்கவும்.)

"எப்படிக்கா ஆச்சு?"

"நாலாவதுக்கு முன்னாடி வந்த மூணும் உளறல். ஒருத்தன் டம்ளருக்குக் காய்ச்சல்னு எழுதியிருந்தான். அப்புறம் இது வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு, ரெண்டப் போட்டுட்டேன். முப்பதாவது பேப்பர் இருக்கே, அது அம்சம். நீராவி, குளிர்தல், அம்புக்குறி போட்டுப் படம், ஸ்கேல் வெச்சு அடிக்கோடு. அதப் பாத்த கண்ணுக்கு அடுத்தது அரைகுறையாத் தெரிஞ்சுது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். ரெண்டு குடத்தையும் நானே உடைச்சிருக்கேன்."

4

தலைமையாசிரியையிடம் வெள்ளிக்கிழமையே போய்ச் சொல்லியிருக்கிறாள். இந்த இடத்தில் ஒரு வில்லி கிடைத்துவிட்டாள் என்று நான் உற்சாகமாக எழுத உட்கார்ந்தேன். [அவருடைய மூக்குக்கண்ணாடி அதிகாரத்தோடு பளபளத்தது. அவர் மேசை மீது— வேண்டாம்.] அக்கா சொன்னதைக் கேட்டால் அந்த அம்மாள் பேசியதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது.

"யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களா டீச்சர்?"

"இல்ல மேடம்."

"அப்புறம் என்ன? அந்த ஒரு பேப்பருக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டு விட்டுருங்க. பிள்ளையும் சந்தோஷமா விளையாடப் போகும்."

"எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு மேடம். ஆனா இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்ததால கண்ணுல பட்டுச்சு. பக்கத்துல வராதது இன்னும் எத்தனை இருக்கோ?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் பாத்தாப் போதாதா?"

"அது சோத்துக்கு மேடம்."

தலைமையாசிரியை சிரித்திருக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மார்க் குறைஞ்சா பெத்தவங்க என் ரூமுக்குத்தான் வந்து உக்காருவாங்க, தெரியும்ல?" என்று கேட்டிருக்கிறார்.

"என்கிட்ட அனுப்புங்க மேடம். தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை வரைக்கும் அவகாசம் கிடைத்தது.

5

இரண்டாம் வரைவு. இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன், ஆனாலும் அடித்ததை அடித்தபடியே காட்டுகிறேன்.

[முப்பத்தோராம் தாளின் அப்பா ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே நாளாயிற்று. அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே சந்தோஷம், வாரத்தில் இரண்டு நாள், மைதானத்தில் மூச்சிரைக்க ஓடுவதுதான். நாலாம் தாளோ புது ஷூவும் காரும் திமிருமாக—]

அக்கா இதைப் படித்துவிட்டு முதல் வரியின் கீழே கோடு போட்டாள்.

"அவங்கப்பா நல்லாத்தானடா இருக்காரு. போன வாரம்கூட வண்டிய ஸ்டாண்டு போடாமலே நின்னுக்கிட்டு டாட்டா காட்டிட்டுப் போனாரு. அவர எதுக்குப் படுக்க வெச்ச?"

"படிக்கறவங்களுக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு இது வரணும்ல?"

"பொண்ணுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவே இல்லை.

"சரி, நாலாம் பேப்பர் உன்ன என்னடா பண்ணுச்சு? அதுக்கு எதுக்குத் திமிரு, புது ஷூ?"

"கதைன்னா அப்படித்தான்க்கா..."

"அப்பா படுத்துட்டா பதில் சரியாயிருமா? ஷூ புதுசா இருந்தா பதில் தப்பாயிருமா? நான் தெரியாமப் பண்ணின தப்ப நீ வேணும்னே பண்றடா."

கீழே பத்துக்கு மூன்று என்று போட்டு வட்டமும் போட்டாள். எனக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. பதினைந்து வருடமாக எழுதுகிறேன், ஐந்தாம் வகுப்பு டீச்சர் எனக்கு மூன்று மதிப்பெண் போடுவதா? எழுந்து வெளியே வந்து தெருமுனை வரை நடந்தேன். நடக்கும்போது, இத்தனை வருடத்தில் என் கதைகளில் எத்தனை அப்பாக்களைப் படுக்க வைத்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன். கதை தொய்யும்போதெல்லாம் ஓர் அப்பா. ஏழுவரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். நான் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் எனக்குப் பிடித்தவர்களுக்குப் போட்டுக் கொடுத்த மதிப்பெண்தான்.

திரும்பி வந்து அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்பினேன். ஷூவைக் கழற்றினேன். கதை இளைத்துவிட்டது. இளைக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

6

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று மணிக்கு அக்காவோடு வேலை செய்கிற இன்னொரு அறிவியல் டீச்சர் வந்தார். நான்காம் வகுப்புக்கு எடுப்பவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி டீச்சர், மதிப்பெண்ணை அப்படி வெட்டுவாராம். வேண்டுமென்றேதான் அவரை அக்கா கூப்பிட்டிருந்தாள்.

பழைய மதிப்பெண்கள் தெரியாதபடி எல்லாவற்றின் மேலும் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. இருவரும் கட்டிலிருந்து ஒரே பத்துத் தாள்களை எடுத்து, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல், ஒன்பதாம் கேள்வியை மட்டும் திருத்தினார்கள். ஒப்பிட்டபோது ஏழு ஒத்துப்போனது. மூன்று ஒத்துப்போகவில்லை. மூன்றிலும் நம் ஓட்டை விஷயம்தான்.

"எப்படின்னு கேட்டிருக்கோம். எப்படின்னு இது சொல்லலையே. உள்ளேருந்து ஏன் வரலன்னுல்ல சொல்லுது?" என்றார் கத்தரி டீச்சர்.

"யோசிச்சிருக்குல்ல? ஓட்டை இல்லைங்கறத யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் அக்கா.

"யோசிச்சா மார்க்குன்னு கேள்வியில போட்டிருந்தோமா?"

"யோசிக்காம எழுதினாத்தான் மார்க்குன்னும் போடலையே!"

நான் நடுவில் புகுந்து, "ஒண்ணரை போட்டுருங்களேன்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வாக்குவாதம். தனித்தனித் தாளின் மதிப்பெண்ணைப் பற்றி அவர்கள் பேரம் பேசவே இல்லை, விடைக்குறிப்பைப் பற்றித்தான் சண்டை. கடைசியில் அதில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். 'ஓட்டை இல்லை' என்கிற மாதிரி காரணம் சொன்னால் என்ன செய்வது என்று அந்த வாக்கியம் சொல்லும். இருவரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். கத்தரி டீச்சர் கிளம்பிப் போனார். அக்கா பத்துத் தாளையும் கட்டோடு சேர்த்து, ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை திருத்தினாள். பிறகு கட்டைத் திருப்பி வைத்து, நாற்பத்திரண்டிலிருந்து ஒன்று வரை மறுபடி திருத்தினாள். இரண்டு தடவையும் வேறுவேறாக வந்தது ஒரே ஒரு தாள். அதை மட்டும், முகம் கழுவிவிட்டு வந்து, மூன்றாம் முறை பார்த்தாள்.

ஏழு தாள்களின் மதிப்பெண் மாறியது. சிலது ஏறியது, சிலது இறங்கியது. அதற்குப் பிறகுதான் கிளிப்புகளைக் கழற்றினாள்.

(அந்த ஒரு வாக்கியம் என்ன என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். சொன்னால் உங்கள் பென்சில் நகரும்.)

திங்கட்கிழமை காலை வகுப்பில் நின்று சொல்லியிருக்கிறாள்: "ஒன்பதாம் கேள்விய நான் எல்லாருக்கும் ஒரே மாதிரி திருத்தல. தப்பு உங்களோடது இல்ல, என்னோடது. இப்ப மறுபடி திருத்தியிருக்கேன்."

நாலாம் தாள் கையைத் தூக்கியது. "குறையுமா மிஸ்?"

"சிலருக்குக் குறையும். சிலருக்குக் கூடும்."

"அப்ப போன வாரம் விளையாடினத என்ன மிஸ் பண்றது?"

"அது உன்னோடது. அத யாரும் திருப்பிக் கேக்க முடியாது."

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எதிர் மூலையில் முப்பத்தோராம் தாள் எழுந்து நின்றது.

"நான் விளையாடாதது மிஸ்?"

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அதுக்கு என்கிட்ட விடைக்குறிப்பு இல்லடா. மன்னிச்சுக்கோன்னு மட்டும் சொன்னேன். அவ்வளவு பேருக்கு முன்னாடி." குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்ததாம்.

7

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் இருவரும் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். இன்னொன்றில் இருவரும் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து காந்தத்தின் பண்புகளை எழுதுகிறார்கள். அக்கா இரண்டையும் படித்தாள்.

"எத வேணா போட்டுக்க. ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு மட்டும் போட்டுராத."

எனக்கு முதல் முடிவுதான் பிடித்திருந்தது. அதனாலேயே தேர்ந்தெடுக்கிற வேலையை என்னிடம் வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய எண் இன்னும் இருக்கிறதல்லவா? அதை எழுதியபோது உங்களுக்கு யாரையும் தெரியாது. ஜன்னலும் தெரியாது, பந்துச் சத்தமும் கேட்டிருக்கவில்லை, "நான் விளையாடாதது மிஸ்?" என்று யாரும் எழுந்து நிற்கவும் இல்லை. இப்போது அதை மாற்ற வேண்டும் போல இருக்கும். எனக்கும் இருக்கிறது. மாற்றாதீர்கள். அதே எண்ணின் மேல் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். இரண்டு என்றால் இருவரும் வெளியே. ஒன்றோ பூஜ்யமோ என்றால் இருவரும் உள்ளே.

திங்கட்கிழமை, மூன்றாம் பீரியட் முடிந்து விளையாட்டுப் பீரியடுக்கு மணி அடிக்கிறது. இரண்டு மூலைகளிலிருந்தும் இரண்டு குழந்தைகள் எழுந்து வந்து, வகுப்பு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உங்கள் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.