கருப்பசாமிக்கு ஒயின்

"பிராந்தி ஒண்ணு வாங்கிட்டு வா கருப்பம்மா, இப்பயே பூசையப் போட்டு—"

"நான் எதுக்குண்ணே பிராந்தி வாங்கணும்? நான் நேந்துக்கிட்டது—"

"சாமிக்குன்னு ஒரு வளக்கம்—"

"நேந்துக்கிட்டது இதத்தான்."

கருப்பம்மாள் ஒயின் பாட்டிலை நீட்டியபடியே நின்றாள். கருப்பசாமி கோயில் பூசாரி ஊர்க்காவலன் கையை நீட்டவில்லை. பின்னால் அவள் மகன் கதிரவன், தோளில் பையோடு. சாயங்காலம் விருதுநகரில் அவனுக்கு ரயில்.

தாயில்பட்டியில் அவன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று, டீ குடிக்க வெளியே வந்திருந்ததால் பிழைத்தான். அன்றைக்கே அவள் இங்கே வந்து, இவன் வெடிமருந்தைத் தொடாத வேலைக்குப் போனால் அந்த வேலையில் இவன் கை பட்ட பொருளை உன் காலடியில் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அவன் போர்ச்சுகல் போய் ஒரு ஒயின் கம்பெனியில் சேர்ந்தான். இப்போதுதான் முதல் விடுப்பு, அதுவும் இன்றோடு முடிகிறது.

"அதென்னலே, இம்புட்டுச் செகப்பு?" என்றார் பூசாரி.

"திராட்சைச் சரக்கு மாமா. அங்கன கடலோரம், வெயிலு நல்லா அடிக்கும், பளம் இனிச்சுக் கெடக்கும். மூணு சாதிப் பளத்தத் தனித்தனியாப் புளிக்க வச்சு, கடைசில நாங்க ஒண்ணாக் கலக்குவோம். கூலிக்காரங்க சோத்தோட குடிக்கிறது. வெல கம்மிதான்."

"சீமைக்குப் போயும் மலிவாப் பாத்தா தூக்கிட்டு வந்த?"

"அவன் கை பட்டது அதாண்ணே" என்றாள் கருப்பம்மாள்.

"கலப்புச் சரக்கு சாமிக்கு ஆகாது தாயி."

"ஏழு வருசம் இவன் மருந்து கலக்குற ரூமுக்குள்ள கெடந்தான். அந்தக் கலப்பு ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே."

கதிரவன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரி, சாமிகிட்டயே பூக்கட்டிக் கேட்டுப் பாத்துருவோம்" என்றார் பூசாரி. "வெள்ளைப்பூ வந்தா வைக்கிறேன். செகப்பு வந்தா பேசாம எடுத்துட்டுப் போயிரணும்."

"நேந்தப்ப பூக்கட்டியா கேட்டேன்? நான் சொன்னேன், சாமியும் பிள்ளைய மருந்துல இருந்து எடுத்து விட்டாரு. இப்பப் போயி வேணுமா வேண்டாமான்னு கேட்டு, அவரு வேண்டாம்னா என் வாக்கு என்ன ஆகுறது? ஏலே, தெற."

கதிரவன் தக்கையைத் திருகி இழுத்துச் செம்பில் ஊற்றினான். அவள் அதைப் பீடத்தில் வைத்துத் தட்டில் சூடத்தை ஏற்றினாள். பூசாரி மணியை எடுக்கவில்லை.

"அம்மா, நேரமாகுது. பிராந்தியே வச்சிருவோம்."

"பூசை முடியாம நீ ரயில் ஏறுறதில்ல."

பூசாரி குரலைத் தணித்தார். "வீம்பு பண்ணாத கருப்பம்மா. தீவாளி சீசன் நேரம், ஊரே மருந்துக்குள்ள கெடக்கு. நான் வளக்கத்த மாத்தி, நாளைக்கு எங்கனயாவது வெடிச்சுதுன்னா எல்லாரும் என் வாசல்லதான் வந்து நிப்பாக."

அவள் எரியும் தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

"இம்புட்டு வருசமா பிராந்திதானண்ணே வச்சீக. அப்பயெல்லாம் ஏன் வெடிச்சுச்சு?"