முடுக்கினார்கள்

அம்புஜத்துக்கு அந்த வாரம் முழுக்க இடுப்பு வலி. கோயமுத்தூர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை. தமிழில் இருக்கும் சாட்சியங்களை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் கணவர் வெங்கடபதி பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. காலையில் அவரைத் துடைத்து, சாய்த்து உட்காரவைத்து, ஊட்டிவிட்டு பஸ் பிடிப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மீதியை வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் வேலை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதம் பொள்ளாச்சிப் பக்கத்து வழக்கு ஒன்றின் கட்டு அவள் மேஜைக்கு வந்தது. தேங்காய் திருடியதாக ஐயாசாமி என்ற கூலிக்காரரைத் தோப்புக்காரர் பாலுசாமியும் அவருடைய ஆட்களும் விரட்டியிருக்கிறார்கள். ஓடிய ஐயாசாமி சுவர் கட்டாத கிணற்றில் விழுந்து, பாறையில் தலை மோதிச் செத்துப்போனார். பாலுசாமிக்கு இங்கே தண்டனையாகி, மெட்ராஸிலும் அதுவே நிலைத்து, இப்போது அவர் டெல்லிக்கு அப்பீல் போயிருந்தார். டெல்லி நீதிபதிகளுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் படிக்கப்போவது அம்புஜம் எழுதுவதைத்தான்.

கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஒருத்தி, ஐயாசாமியின் மனைவி மாசாணியம்மாள். பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டு இருந்தவள். அவள் சொன்னது இப்படிப் பதிவாகியிருந்தது: "எங்கூட்டுக்காரர அவிய முடுக்குனாங்க. அவரு ஓடிப் போயி கெணத்துல உழுந்துபோட்டாருங்க."

'முடுக்குனாங்க' என்ற இடத்தில் அம்புஜத்தின் விரல் நின்றுவிட்டது.

அர்த்தம் தெரியாமல் இல்லை. வாசலில் காயும் மிளகாய்க்கு வந்த காக்காயை முடுக்குவார்கள். கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நாயும் முயலை முடுக்கும்; அது வாயில் கவ்வும் வரைக்கும் விடாது. பாலுசாமி முடுக்கியது எந்த முடுக்கு? 'டிரோவ் அவே' என்று எழுதினால், வேலி வரைக்கும் விரட்டிவிட்டு அவர்கள் நின்றுவிட்டார்கள் என்றாகும்; ஐயாசாமி தானாக ஓடிப்போய் விழுந்தார் என்று வாதாடலாம். 'பர்ஸ்யூடு' என்று எழுதினால், கிணறு வரைக்கும் விடாமல் பின்னாலேயே போனார்கள் என்றாகும்.

ஆபீஸைக் கவனிக்கும் தலைமைக் குமாஸ்தா, சிரஸ்தார் சென்னகேசவன், எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மேடம், இன்னிக்குத் தபால்ல போயே ஆகோணுமே. இன்னும் முடியலீங்களா?"

அவள் சொல்லைக் காட்டினாள்.

"இதுக்கென்னங்க யோசனை? முடுக்குறதுன்னா வெரட்டியுடறது. டிரோவ் அவேன்னு போட்டு முடிச்சுடுங்க."

கெட்ட மனுஷர் இல்லை. அவருக்குக் கட்டு போனால் போதும். அவளுக்கும் போதும்தான். ஆனாலும் எழுந்து போய் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கினாள். 'சேஸ்'. பிடிப்பதற்காகப் பின்னால் ஓடுவது என்று முதலில் இருந்தது. கீழே, இடத்தை விட்டு விரட்டுவது. ஒரே சொல்லில் காக்காயும் இருந்தது, முயலும் இருந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை 'அந்த ஃபைலைக் கொஞ்சம் சேஸ் பண்ணுங்க' என்று போனில்தான் அதிகம் கேட்டிருந்தாள்.

'தே சேஸ்டு ஹிம்' என்று அடித்தாள்.

"ரெண்டர்த்தம் வருதுங்களே," என்றார் சென்னகேசவன்.

"அந்தம்மா சொன்னதுலயும் ரெண்டு வருதுங்க சார். எது சரின்னு தீர்க்கறதுக்கு நம்மள இங்க உட்கார வைக்கலீங்களே."

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தன் மேஜைக்குப் போனார்.

மத்தியானம் கதவோரம் ஒரு பெண் வந்து நின்றாள். வெயிலில் கறுத்த முகம், கையில் மஞ்சப் பை. "ஏனுங்கம்மா, ஐயாசாமி கேசு என்னாச்சுங்க? நான் மாசாணிங்க. கீழ இங்க கேக்கச் சொன்னாங்க."

அம்புஜத்துக்குக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. 'அவங்க கெணறு வரைக்கும் பின்னாலயே வந்தாங்களா?' ஒரே கேள்விதான். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் கூண்டில் ஏறிச் சொன்னதை மட்டும்தான் அவள் எழுதலாம். கதவோரம் சொல்வதை எழுத முடியாது. கேட்கவில்லை.

"டெல்லிக்குப் போகுதுங்க. நாளாகும். உட்காருங்க, தண்ணி குடிங்க."

"வேண்டாங்க. பஸ்ஸுக்குப் போகோணும்." மாசாணியம்மாள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "எத்தன ஆபீஸுங்கம்மா. காலு ஓஞ்சுபோச்சு. வாரேனுங்க."

அவள் போன பிறகு அம்புஜம் மறுபடி கட்டைப் பிரித்தாள். பாலுசாமியின் வக்கீல் செய்த குறுக்கு விசாரணையிலிருந்து சில பக்கங்கள் மட்டும் போதும் என்றுதான் அப்பீல் மனுவில் கேட்டிருந்தார்கள். கேட்காத பக்கங்களையும் படித்தாள். 'உன் புருஷன் பயந்து தானாகத்தானே ஓடினான்?' என்று வக்கீல் கேட்டிருந்தார். மாசாணியம்மாள் சொல்லியிருந்தாள்: "தானா ஓடறவரு எதுக்குங்க திரும்பித் திரும்பிப் பாத்துட்டே ஓடறாரு?"

அம்புஜம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு குறுக்கு விசாரணை முழுவதையும் அடிக்க ஆரம்பித்தாள். அன்றைய தபால் போய்விட்டது. சென்னகேசவன் முணுமுணுத்தார். 'சாட்சியம் முழுமையாக இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு குறிப்புப் போட்டு, மறுநாள் அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அடுத்த பங்குனியில் டெல்லி உத்தரவு வந்தது. தண்டனைக் காலத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். குற்றம் குற்றம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அம்புஜம் அதை வரிவரியாகப் படித்தாள். அவள் அத்தனை பாடுபட்டுத் தேடிய 'சேஸ்டு' அதில் ஒரு இடத்திலும் இல்லை. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார் என்ற வரியைத்தான் எடுத்து எழுதியிருந்தார்கள்.

அந்த வாரமே மாசாணியம்மாள் வந்தாள். அம்புஜம் அவளை பெஞ்சில் உட்காரவைத்துத் தமிழில் சொன்னாள். ஜாமீனில் இருக்கும் பாலுசாமி ஜெயிலுக்குள்ளே போக வேண்டும், இதற்கு மேல் அப்பீல் கிடையாது, நீங்கள் சொன்னதை நம்பிவிட்டார்கள் என்று சொன்னாள். அவள் அழுவாள் என்று நினைத்தாள். மாசாணியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இனி நான் வர வேண்டியதில்லீங்களா?"

"வேண்டியதில்லீங்க."

"செரிங்கம்மா," என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. சுவரில் தலையைச் சாய்த்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். தாழ்வாரத்தில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பெஞ்சைக் காலி பண்ணச் சொல்ல வந்த பியூனை அம்புஜம் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.