கடப்பாரையை நான் பார்க்கவில்லை

அன்னவாசலுக்கு மேற்கே விடியும் முன்பே கிரஷர் ஓடத் தொடங்கிவிடும். டிப்பர் கொட்டும் பாறைத் துண்டுகளை இயந்திரத்தின் இரும்பு வாய் கடித்து நொறுக்கும். பெல்ட்டில் ஏறி வரும் ஜல்லியிலிருந்து மண்கட்டியையும் வேரையும் பொறுக்கி எறிவது பெண்களின் வேலை. மூக்கைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருப்பார்கள். அரை மணி நேரத்தில் துணி காய்ந்து தூசி அப்பி விறைத்துப் போகும்.

பெல்ட்டின் இந்தப் பக்கம் பொற்கொடி, அந்தப் பக்கம் அமுதவல்லி. நடுவில் மூன்றடி தூரம்தான். ஆனாலும் மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அமுதவல்லியின் புருஷன் வீரய்யா கொலைக் குற்றத்துக்காகத் திருச்சி ஜெயிலில் இருந்தான். அவனை அங்கே அனுப்பியது பொற்கொடியின் சாட்சி.

அன்று ஆறேகால் மணிக்கு இரும்பு வாயிலிருந்து ஒரு கல் தெறித்தது. பெல்ட்டின் கடைசியில் நின்ற கலைமதி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. இடது கண். ஜல்லி ஏற்ற வந்த லாரியிலேயே அவளைப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

எட்டு மணிக்கு முதலாளி உடையப்பன் வந்தார்.

"போலீசு வந்து கேட்டா, கலைமதி படியில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுங்க. பொற்கொடி, நீதானே பக்கத்துல நின்னே? நீ பாத்தேல்ல?"

 இதே குரலில், இதே வார்த்தைகளைப் பொற்கொடி முன்பும் கேட்டிருக்கிறாள்.

அப்போதும் ஒரு கல்தான் தெறித்தது. சூப்பர்வைசர் ரெங்கராஜின் மண்டையில் பட்டது. அதே இடத்தில் உயிர் போனது. இயந்திரத்தின் வாய்க்குக் கம்பிவலை போடச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுவந்தவன் வீரய்யா. வேலையை நிறுத்துவோம் என்று எல்லாரையும் கூட்டிப் பேசியவனும் அவன்தான். அன்று காலையில்கூட அதற்காக ரெங்கராஜோடு வாக்குவாதம் செய்திருந்தான். உடையப்பனுக்கு அது போதுமானதாக இருந்தது. விபத்தைக் கொலையாக்கிவிட்டால் கிரஷருக்குப் பூட்டு விழாது, வீரய்யாவும் தொலைவான்.

பொற்கொடியின் புருஷன் நுரையீரலில் கல்தூசி அடைத்து அப்போது படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது உடையப்பனின் கார். அவர்கள் குடியிருந்தது உடையப்பனின் லைன் வீடு. "வீரய்யா கடப்பாரையால அடிச்சதைப் பாத்தேன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். அவள் சொன்னாள். அவ்வளவு தூசியில் எப்படித் தெரிந்தது என்று கோர்ட்டில் வக்கீல் கேட்டபோது, "நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றாள். உண்மையில் அவள் பார்த்தது, விழுந்தவனைத் தூக்க வீரய்யா ஓடியதைத்தான்.

ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்த நான்காம் மாதம் அவள் புருஷனும் செத்துப்போனான். குற்றவாளி கிடைத்துவிட்டதால் கம்பிவலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

"என்ன, ஊமையாட்டம் நிக்கிறே? விழுந்ததைப் பாத்தேல்ல?"

"இல்லங்க. கல்லு தெறிச்சதைத்தான் பாத்தேன்."

"யோசிச்சுப் பேசு. கோர்ட்டுல என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. அதையும் நான் பாக்கல. கடப்பாரையே அங்கிட்டு இல்ல."

உடையப்பனின் முகம் கறுத்தது. "நாளைக்குள்ள வீட்டைக் காலி பண்ணு. பொய்ச்சாட்சின்னு ஒன்னையத்தான் உள்ள தூக்கி வைப்பாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் காரில் ஏறிப் போனார். யாரோ கிரஷரை நிறுத்தினார்கள். பொற்கொடி பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு போய் அமுதவல்லியின் முன்னால் நின்றாள். 

"ஒன் புருஷன் கொல்லல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்கும்தான் தெரியும்" என்றாள் அமுதவல்லி. "கூண்டுல நீ நின்னப்ப ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவ நீ என்னைத் திரும்பிப் பாத்தா, பொய் சொல்ல வாய் வராதுன்னு நெனச்சேன். நீ பாக்கவே இல்ல."

பொற்கொடி அழத் தொடங்கினாள்.

"அழுகாத. நீ அழுது எனக்கு என்ன ஆகப் போகுது? மதுரை ஹைகோர்ட்டுல அப்பீல் இருக்கு. புதுக்கோட்டை வக்கீல் ஷர்லியம்மாகிட்ட வந்து இதைச் சொல்லுவியா?"

"வாரேன். இன்னிக்கே வாரேன். அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா வலை போட்டிருப்பாங்க. கலைமதி கண்ணு போயிருக்காது."

பெல்ட்டைப் பிடித்தபடி நின்ற மூக்காயி, மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்தாள். வேலைக்காரர்களில் மூத்தவள் அவள். "அவ ஒருத்தி வாய்தான் பொய் சொல்லுச்சு. நம்ம வாயெல்லாம் எங்க போச்சு? அன்னிக்குப் போலீசு கேட்டப்ப அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்னு சொன்னேன். நான் எங்கிட்டும் திரும்பல. கல்லு வந்ததை ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

 ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் மூக்குத் துணியை அவிழ்த்தார்கள்.

அடுத்த பஸ்ஸில் ஏழு பேர் புதுக்கோட்டைக்குப் போனார்கள். மற்றவர்கள் கிரஷர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள், வலை போடாமல் பட்டனைத் தொட விடமாட்டோம் என்று.

ஷர்லி எதையும் மறைக்கவில்லை. "இதை வச்சு மனு போடுறேன். கோர்ட்டு உங்களை மறுபடி விசாரிக்கலாம். முதல்ல சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யான்னு கேட்பாங்க. உங்க மேலயே கேஸ் வரலாம். வீரய்யாவுக்கு விடுதலை கிடைக்கும்னும் என்னால உறுதி சொல்ல முடியாது."

"கேஸ் வரட்டும்மா" என்றாள் பொற்கொடி. "எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல ஷர்லி எழுதினாள். சுவரோரம் நின்று அமுதவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். வீரய்யா ஓடிவந்து ரெங்கராஜைத் தூக்கி மடியில் போட்ட இடம் வந்தபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷர்லி முழுவதையும் வாசித்துக் காட்டினாள். "யாராவது சொல்லிக்கொடுத்துச் சொல்றீங்களா?"

"இல்லம்மா. அதுதான் சொல்லிக்கொடுத்தது. இது நானாச் சொல்றது."

பொற்கொடி கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாள். ஷர்லி புதிய தாளை எடுத்து வைத்து நிமிர்ந்தாள்.

"அடுத்தது யாரு?"

மூக்காயி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன.