ஏரிப் பூச்சிகள் கரைக்கு வந்த நாள்

சிசுரு, ஜப்பானிலிருந்து எங்கள் மலாவி ஏரிக்கரைப் பள்ளிக்குச் சம்பளம் வாங்காமல் கணக்கு சொல்லித்தர வந்தவள். குரல் மிக மெல்லியது. அவள் பின்னங்களைப் பெருக்கப் பெருக்க, வெக்கையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேசைமேல் சாய்வார்கள். பக்கத்து வகுப்பு டீச்சரான எனக்கே கண் சொக்கும்.

"பாடம் நடத்தறீங்களா, தாலாட்டறீங்களா மேடம்?" என்பார் தலைமையாசிரியர். அவள் சிரித்துவைப்பாள்.

நாங்கள் இருவரும் இருந்த ஆசிரியர் வீட்டில் அந்தச் சிரிப்பு இருக்காது. தண்ணீர் எடுக்கப் போனாலும் தக்காளி வாங்கப் போனாலும் ஊரே கைவேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மரியாதையாக வழிவிட்டு, மரியாதையாகப் பார்த்தார்கள்.

"நான் நடக்கறத நானே தள்ளி நின்னு பாக்கற மாதிரி இருக்கு, டெம்வானி," என்றாள் ஒருநாள். "ஊருக்குப் போயிடலாம்னு தோணுது."

மழைக்காலத்தில் ஒரு காலை, ஏரியின் நடுவே கரும்புகை தூணாக எழுந்தது. படகு எரிகிறதென்று சிசுரு வெளியே ஓடினாள். அவளை முந்திக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள்.

"தீ இல்ல, பூச்சி," என்றேன். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது. இன்னிக்கு இனி பள்ளிக்கூடம் கிடையாது. வா."

அவள் தலையையும் முகத்தையும் துணியால் சுற்றி, நனைத்த கூடை ஒன்றைக் கையில் கொடுத்தேன். "வாயத் தொறக்காத. வீசிக்கிட்டே இரு, பூச்சி ஈரத்துல ஒட்டிக்கும். ராத்திரிக்கு அதுதான் சாப்பாடு."

கரையில் மேகம் எங்கள்மேல் இறங்கியது. கடிக்காத, கடுகைவிடச் சிறிய பூச்சிகள். வெயில் சாம்பலாயிற்று. ஏரி மறைந்தது, மணல் மறைந்தது, எங்கும் ஒரே ரீங்காரம். நீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தது. முகமில்லாத உருவங்கள் கூடைகளைச் சுழற்றிக்கொண்டு மெல்ல வந்தன, போயின. அவற்றில் சிசுரு எது என்று எனக்கே தெரியவில்லை.

"நகருடி," என்றது பக்கத்தில் ஒரு குரல், துணிக்குள்ளிருந்து. "கூடை பிடிக்கத் தெரியல, குறுக்க வந்து நிக்கறா. புருஷனுக்கேத்த சோம்பேறி."

மீன் விற்கும் ஞாலோங்வே. யாரையோ முழங்கையால் இடித்து நகர்த்திவிட்டு வீசத் தொடங்கினாள்.

காற்று திரும்பியதும் மேகம் மலைப்பக்கம் போயிற்று. வெளிச்சத்தில் தன் பக்கத்தில் நிற்பவளின் வெளுத்த கைகளைப் பார்த்த ஞாலோங்வே கூடையை நழுவவிட்டாள். "மேடம், நீங்களா? அந்தச் சோம்பேறி லுசுங்குவோட பொண்டாட்டின்னு நெனச்சில்ல திட்டிட்டேன்."

என்ன திட்டினாள் என்று சிசுரு என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் முகத்துணியை விலக்கினாள். புருவமெல்லாம் பூச்சி. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"இங்க வந்து இத்தன நாள்ல என்னை யாரும் திட்டினதே இல்ல," என்றாள்.

நான் அதை ஞாலோங்வேயிடம் எங்கள் மொழியில் சொன்னேன். அவள் விழுந்த கூடையை எடுத்துக்கொண்டாள். "இதுக்கா ஏங்கிக் கெடந்தா? மீன் வாங்க வரட்டும், தெனமும் திட்டறேன்."

சொன்னபடியே திட்டினாள். மீனைத் தூக்கிப் பார்க்கும் லட்சணத்துக்கு, பேரம் பேசத் தெரியாததற்கு. பிறகு மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்த தவணை முடிந்ததும் சிசுரு இன்னொரு வருடம் கேட்டு வாங்கினாள்.

பூச்சிகள் வந்த அன்று மாலையே அவற்றைப் பிசைந்து, அடையாகத் தட்டி, தக்காளி வெங்காயத்தோடு வேகவைத்து, முற்றத்தில் மரவள்ளிக் களியோடு உண்டோம். சிசுரு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள். ஞாலோங்வே தன் மாமியாரைப் பற்றி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் புரியாமல் கேட்டபடியே சிசுரு பாயில் சாய்ந்து உறங்கிப்போனாள். ஞாலோங்வே கதையை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.