பண்டிகைகள் முடிந்த பிறகு

பரணிலிருந்து கம்பளச் சுருளை இழுத்தபோது அந்துருண்டைகள் தரையில் விழுந்து உருண்டன. ஏணியின் மேல் நின்ற ப்ரோஸ்பர் கீழே பார்க்கவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

"அப்பா, இறங்குங்க. நான் ஏறுறேன்," என்றாள் ஏணியைப் பிடித்திருந்த மகள் ஓஷ்ரா.

"நீ ஏறினா ஏணி தாங்காது."

"ஆகஸ்ட் மாசத்துல கம்பளம் விரிக்கிற வீடு இந்தப் பேர்ஷேவா ஊர்லயே நம்ம வீடாத்தான் இருக்கும்."

"உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு."

அவள் அம்மா ஸோஹரா கூடத்தில் போட்டிருந்த மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். காலில் கம்பளிக் காலுறை, கழுத்து வரை போர்வை. மூன்று வாரமாகப் பாலைவனக் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடியது. ஏசி மெக்கானிக்கான ப்ரோஸ்பரின் வீட்டில் மட்டும் ஓடவில்லை. அவளுக்குக் குளிர்ந்தது.

அவளுக்கு எப்போதுமே குளிர்தான். கோடையில் ஊர் வீடுகளை எல்லாம் குளிரவைத்துவிட்டு அவர் திரும்பி வந்தால், "ஊருக்கே குடுத்தாச்சில்ல, மிச்சத்தை வெளியிலயே உதறிட்டு வா," என்பாள். குளிர்காலத்தில் அவளால் கல் தரையில் வெறுங்காலோடு ஒரு நிமிடம் நிற்க முடியாது. காலையில் எழுந்ததும் கட்டிலடியில் இருக்கும் அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அவர் வெறுங்காலோடு பின்னால் போவார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கென்று ஒரு செருப்பு அந்த வீட்டில் நிலைத்ததில்லை.

கோடை முழுக்கத் தரை வெறுமையாக இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளுவார்கள். இலையுதிர்காலத்துப் பண்டிகைகள் எல்லாம் முடிந்து, பண்டிகைக்காக வீட்டு வெளியில் போட்ட கூடாரங்களைப் பிரித்த பிறகுதான் கம்பளம் இறங்கும். யூதர்களின் அந்த நாட்டில் எதையும் தள்ளிப்போட இந்தப் பண்டிகைகள் போதும். பல் பிடுங்குவதும் வெள்ளையடிப்பதும் கல்யாணப் பேச்சும், எல்லாமே பண்டிகைகள் முடிந்த பிறகு. யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஸோஹரா, "கால் சில்லிடுது, கம்பளத்தை இறக்கிப் போடேன்," என்று கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார்.

"பண்டிகையெல்லாம் முடியட்டும்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று மாலை மருத்துவர் வந்து போகும்போது மாடிப்படியில் ஓஷ்ராவிடம் தணிந்த குரலில் பேசினார். ப்ரோஸ்பர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். பண்டிகைகளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மருத்துவர் சொன்னதோ சில நாட்கள்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததும் அவர் ஏணியை எடுத்துவிட்டார்.

கம்பளத்தைக் கட்டிலைச் சுற்றி விரித்து மடிப்புகளை முழங்காலால் அழுத்தினார். ஸோஹரா தலையைச் சாய்த்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள்.

"பண்டிகையெல்லாம் முடிஞ்சிடுச்சா?"

ஓஷ்ரா அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. ஓரத்துக் குஞ்சங்களைக் கையால் நேராக்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சு."

"எல்லாரும் வந்தாங்களா?"

"வந்தாங்க. உன் தங்கச்சி கூட வந்தா."

"அவளா? சாப்பிட்டுட்டுக் குறை சொல்லியிருப்பாளே."

"சொன்னா. மீனுல உப்பே இல்லையாம்."

அவள் உதடு கொஞ்சம் கோணியது. சிரித்தாள் போலிருந்தது. குளிர்காலத்தில் போடுகிற கசப்புத் தழைத் தேநீர் வேண்டும் என்றாள். அவர் அடுப்பங்கரைக்குப் போனார். தண்ணீர் கொதிக்கும் வரை அங்கேயே நின்றார். தழையைப் போட்டார். கசப்பு இறங்க விட்டார். ஓஷ்ரா கூப்பிடவில்லை. அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

மருத்துவர் வந்து கையெழுத்துப் போட்டுப் போனார். ஓஷ்ரா கண்ணாடியின் மேல் துப்பட்டியைத் தொங்கவிட்டாள். சாவு விழுந்த வீட்டில் தண்ணீர் வைத்திருக்கக் கூடாது என்பதால் பாத்திரம் பாத்திரமாகத் தொட்டியில் கவிழ்த்தாள். தேநீரும் போயிற்று.

அடக்கச் சங்கத்து ஹனான்யா இன்னொரு ஆளோடு மாடியேறி வந்தார். தாடியிலிருந்து வியர்வை சொட்டியது. ப்ரோஸ்பரின் தோளைத் தொட்டு, சொல்ல வேண்டிய ஆசி வார்த்தைகளைச் சொன்னார். பிறகு கூடத்தைப் பார்த்தவர் ஒரு கணம் தயங்கினார்.

"அண்ணே, அவங்களைத் தரையில இறக்கணும். கம்பளத்தைச் சுருட்டிடலாமா?"

"கம்பளத்து மேலயே இறக்குங்க."

"வெறும் தரையிலதான் வைக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

"அவளுக்குத் தரை ஆகாது, ஹனான்யா."

கூட வந்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஓஷ்ரா, "அப்பா," என்றாள். ப்ரோஸ்பர் கம்பளத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே," என்று ஹனான்யாவும் எதிரில் குந்தினார். "பொழுது சாய்ஞ்சா ஓய்வுநாள் வந்துடும். அதுக்குள்ள குளிப்பாட்டி அடக்கம் பண்ணியாகணும். இல்லேன்னா நாளை ராத்திரி வரைக்கும் அவங்க அங்க…" நிறுத்திக்கொண்டார்.

ப்ரோஸ்பருக்குத் தெரியும். சடலங்களை வைக்கும் அந்தக் குளிர் அறையின் இயந்திரம் ஒரு கோடையில் மக்கர் செய்தபோது அவர்தான் போய்ச் சரிசெய்தார். வேலை முடிந்து வெளியே வந்து, வெயிலில் நின்ற பிறகும் வெகுநேரம் விரல்கள் மடங்கவில்லை. அன்று வீட்டில் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

கீழே தெருவில் யாரோ தர்பூசணி விற்றுக்கொண்டு போனான்.

ப்ரோஸ்பர் எழுந்தார். கம்பளத்தின் ஒரு முனையைக் காலால் ஒதுக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் மேல் பாதத்தை வைத்தார். பிறகு இன்னொரு பாதத்தையும் வைத்தார். ஏசி ஓடாத மூன்று வாரக் கோடையும் அந்தக் கல்லுக்குள் இறங்கியிருந்தது. உடம்புச் சூடு போல வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"சுருட்டுங்க," என்றார்.

வாசலைப் பார்த்துக் கால் நீட்டி அவளைக் கிடத்தினார்கள். வெள்ளைத் துணியால் மூடி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஹனான்யா ப்ரோஸ்பரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வண்டி வர்ற வரைக்கும் ஏசியைப் போட்டாகணும், அண்ணே. இந்தச் சூட்டுல வேற வழியில்லை."

சூட்டை எத்தனை டிகிரிக்கு இறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இறக்கினார்.

ஆட்கள் இருவரும் வண்டிக்காரனைக் கூப்பிட பால்கனிக்குப் போனார்கள். ப்ரோஸ்பர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணியின் ஓரத்தை ஒட்டி உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டார். கல் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஏசி காற்றில் துணி லேசாக அசைந்தது.

உள்ளறையிலிருந்து ஓஷ்ராவின் குரல் வந்தது.

"அப்பா, துக்கச் சடங்குல கிழிக்கிறதுக்கு உங்க பழைய சட்டை ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். வந்து மாத்திக்குங்க."

"வரேன்," என்றார்.

ஏசி இருந்த ஜன்னல் பக்கமிருந்து ஒவ்வொரு கல்லாகக் குளிர்ந்துகொண்டு வந்தது. அவர் கையை எடுக்கவில்லை.