தெளியட்டும்

கொல்லையில் கொடிக்கம்பியிலும் முருங்கைக் கிளையிலுமாகத் தன் வெள்ளை வேட்டியின் நான்கு முனைகளையும் இழுத்துக் கட்டினான் கொளஞ்சிநாதன். நடுவில் ஒரு கல்லைப் போட்டு, அதற்கு நேர்கீழே குடத்தை வைத்தான். கல் இருந்தால்தான் துணி குழிந்து மழை ஒரே இடத்தில் வடியும்.

உள்ளே அவன் மனைவி அம்சவல்லி கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். குழாய்த் தண்ணீர் இரும்பு நாறுகிறதென்று அவளுக்குக் குமட்டியது. மழைத்தண்ணீர் ஒரு வாய் வேண்டும் என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதையாவது கொடுத்துவிட வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்கு, இன்று மதியம் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வரும்போதுதான் வானம் இருண்டது.

மழை வலுத்தது. குடத்தில் இறங்கிய தண்ணீர் கறுப்பாக இருந்தது. கோடை முழுக்க முருங்கை இலையில் படிந்த நிலக்கரித் தூசி அத்தனையும் வேட்டியில் இறங்கியிருந்தது.

"ஏங்க, தண்ணி வந்துட்டுதா?"

"வந்துட்டுது. கரியா இருக்குது, இரு."

"பரவால்லீங்க, குடுங்க."

"வயித்துக்கு ஆவாது. தெளியட்டும்."

சாகக் கிடப்பவளின் வயிற்றுக்கு ஆகாதாம். அவன் அப்படித்தான். எதையும் சுத்தபத்தமாகச் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. குடத்தைக் கவிழ்த்தான். வேட்டியை அவிழ்த்து அலசிப் பிழிந்து மறுபடி கட்டினான். அடுத்து வந்ததும் பழுப்பாக இருந்தது. அதையும் கொட்டினான்.

"ஏங்க..."

"தோ, ஆச்சு."

அதன்பிறகு மழை இரைச்சலில் அவள் குரல் அவன் காதுக்கு வரவில்லை. பொறுமைசாலி, காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தான். அவசரப்படுத்தாமல் இருக்கிறாளே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒருவழியாகக் குடத்தின் அடி தெரிந்தது. தம்ளரில் மொண்டுகொண்டு உள்ளே போனான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் நனைந்த சேலையோடு குனிந்து அம்சவல்லியின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணே போனீங்க? தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்துதே. அந்தப் பக்கம் என் வூட்டு ஜன்னல் வரிக்கும் கேட்டுது. நான் வாசவழியா ஓடியாந்து பானையில மோக்கறதுக்குள்ள போய்ட்டுது."

அவன் உட்கார்ந்து அம்சவல்லியின் தலையை மடியில் எடுத்து வைத்து, தம்ளரை உதட்டில் சாய்த்தான். தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது.

"வுடுங்கண்ணே. குளிப்பாட்டணும். கொழாயில தண்ணி சாயங்காலந்தான் வரும். வெளியில குடத்துல இருக்குதா?"

"இருக்குது," என்றான். "சுத்தமாத்தான் இருக்குது."

மனைவியின் முந்தானையாலேயே அவள் கழுத்தைத் துடைத்துவிட்டு, தம்ளரில் மிச்சமிருந்ததை மறுபடியும் சாய்த்தான்.