பல் டாக்டர் போட்ட முடிச்சு

ஊசியைப் போட்டுவிட்டு, "மரத்துப்போகட்டும், அப்படியே சாஞ்சிருங்க, இதோ வந்துடறேன்," என்ற பல் டாக்டர், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மொட்டைமாடிக்கு ஓடினாள். நாற்காலியில் கிடந்தவர், பாவம், திறந்த வாயோடு தலையாட்டினார். தாடை மரத்துப்போகவும் ஒரு செயற்கைக்கோள் தலைக்குமேல் கடந்து போகவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். ஒரு வாரமாக அவள் பிழைப்பு மாடிப்படியில்தான் நடந்துகொண்டிருந்தது.

மாடியில் அவள் அண்ணன் ஆன்டெனாவைக் கம்பத்தில் மாட்டி, ரேடியோப் பெட்டியோடு இணைத்துத் தயாராக நின்றான். லிஃப்ட் மெக்கானிக்; அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் தலைவர். சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொட்டிக் கட்டிய செயற்கைக்கோள் அது. ஒரு கையில் தூக்கிவிடலாம். ராக்கெட் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டது. ஆனால் உடம்பைச் சுற்றி மடக்கி, நைலான் நூலால் கட்டியிருந்த அதன் சொந்த ஆன்டெனாவான எஃகுப் பட்டை விரியவில்லை. மேலே போனதும் ஒரு சின்னக் கம்பி சூடாகி நூலை உருக்க, பட்டை துள்ளி நிமிர வேண்டும். அதற்குப் பதில், உயிர் இருக்கிறது என்று சொல்வதுபோல ஈனஸ்வரத்தில் ஒரு 'கீக்' மட்டும் எப்போதாவது கேட்டது.

நூலைக் கட்டியவள் அவள்தான். நுணுக்கமான கை என்று ஒருமனதாக அவளிடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு சுற்று என்பதுதான் பேச்சு. ஈறில் தையல் போட்டுப் பழகிய கையோ, அவிழ்ந்துவிடக் கூடாதே என்று தன்பாட்டுக்கு இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டது. நேற்று ஒருவருக்குத் தையல் போடும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. கை பாதியில் நின்றுவிட்டது. கம்பி தனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு சுற்றைத்தான் உருக்கியிருக்கும்.

"இப்ப அது வெயில்ல இருக்கு, சோலார்ல கரண்ட் வந்துக்கிட்டிருக்கும். சூடு நேரத்த மூணு மடங்கா ஏத்தி அனுப்பறேன்," என்றாள்.

"பேட்டரி ஏற்கெனவே இழுத்துக்கிட்டு இருக்கு. அவ்ளோ நேரம் சூடாக்கினா மொத்தமா போயிடும். விட்டுடு. ராக்கெட் குலுக்கல்ல என்னமோ ஆயிடுச்சுன்னு சாயங்காலம் சங்கத்துக்காரங்க கிட்ட ரேடியோல சொல்லிடறேன். உன் பேரு வராது."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. சின்ன வயதில் அவள் உடைத்த கண்ணாடிகளுக்கெல்லாம் காற்றின்மேல் பழி போட்டவன் இவன்தான்.

"என் பேரு வரட்டும் அண்ணா. இறுக்கினது நான். இறுக்கிக் கட்டிட்டு, ஐயோ பாவம்னு கீழ நின்னு வேடிக்க பாக்க என்னால முடியாது."

"செத்துட்டா?"

"முயற்சி பண்ணிட்டுச் சாகட்டும்."

படிக்கட்டிலிருந்து உதவியாளப் பெண் கத்தினாள். "டாக்டர், அவருக்கு மரத்துப்போச்சாம்!"

"நாக்கக் கடிச்சுக்காம இருக்கச் சொல்லு!"

'கீக்' என்றது ஒலிபெருக்கி. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் முழு சக்தியில் கட்டளையை அனுப்பிவிட்டாள்.  

அதன்பிறகு சத்தமே இல்லை. கம்பி சூடாகும்போது செயற்கைக்கோள் பேசாது. செத்துப்போனாலும் பேசாது. கீழிருந்து கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"யார் அனுப்பினதுன்னு கேப்பாங்க," என்றான் அண்ணன்.

"பல் டாக்டர்னு சொல்லு. முடிச்சப் பத்தியும் சொல்லு. அடுத்துக் கட்டறவங்களாவது ஒரு சுத்தோட நிறுத்தட்டும்."

 அவள் கம்பத்தைத் திருப்பித் திருப்பிச் செயற்கைக்கோளின் பின்னாலேயே போனாள். உச்சியிலிருந்து சரிந்து, எதிர்க் கட்டடங்களின் கூரை வரைக்கும் ஆன்டெனா தாழ்ந்தது. கணக்குப்படி செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. அவள் இன்னும் தாழ்த்தினாள். மாடிச் சுவர் தடுத்தது. அண்ணன் வந்து கம்பத்தின் அடியைப் பிடித்துச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தான். ஒலிபெருக்கி வெறுமனே இரைந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் அதைத் தெருவுக்கு மேலாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.